ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

அந்த டீவித் தொடரின் முதல் சீசனில் பத்து அத்தியாயங்கள், பத்துக் கொலைகள். பத்தையும் கண்டுபிடித்தவன் ஒரே ஆள். பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தால்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைரேகையில் எதைப் பார்ப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அது அவருடைய ஸ்டைல் என்றார் இயக்குநர். ஸ்டைல் என்று வந்துவிட்ட பிறகு இருபத்தெட்டு வருஷ அனுபவம் என்ன செய்யும்? போய் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தது.

நான் கைரேகை நிபுணன். அரசாங்கக் கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. தடயவியலை வைத்து ஒரு தொடர் எடுக்கிறோம், எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும், நீங்கள் ஆலோசகராக வர வேண்டும் என்றார்கள். நானும் நம்பிப் போனேன். அவர்களுக்கு வேண்டியது ஆலோசனை இல்லை, கடைசியில் எழுத்து ஓடும்போது போட ஒரு பெயர் என்பது போன பிறகுதான் புரிந்தது.

பரிசோதனைக் கூடம் என்று அவர்கள் கட்டியிருந்த இடத்தில் மீன் தொட்டியில் எரிவது போல நீல வெளிச்சம். சுவர் முழுக்கத் திரைகள். கண்ணாடிக் குடுவைகளில் கலர் கலராகத் தண்ணீர். கைரேகைக்கும் கலர் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சும்மா நிறைவாக இருக்கட்டும் என்றார்கள். எங்கள் பிரிவில் இருந்தது ஜன்னலோரமாக நாலு மேஜை. அதில் ஒன்று ஆடும், காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருப்போம். மேஜைக்கு ஒரு லென்ஸ், ஒரு நீலப் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில். ஒரு ரேகையைப் பார்த்து முடிக்கச் சில சமயம் மூன்று நாள் ஆகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். இங்கே கறுப்புக் கண்ணாடி திரையைத் தொடுவான். ஆயிரம் முகங்கள் ஓடும். 'டிங்' என்று ஒரு சத்தம். பச்சை எழுத்தில் 'பொருந்துகிறது'. கொலைகாரனின் முகவரி, ரத்த வகை, போட்டோ எல்லாம் வந்து நிற்கும். காபி மட்டும்தான் வராது.

மூன்றாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு வசனம்: "தொண்ணூறு சதவீதம் பொருந்துது." எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் நிறுத்தினேன்.

"தொண்ணூறுன்னா என்ன, பரீட்சை மார்க்கா? பன்னெண்டு இடம் பொருந்தினாலும், காரணம் சொல்ல முடியாத வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு இருந்தா அது வேற ஆளு. தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போகணும்."

நாங்கள் வீட்டுக்குப் போனால் பார்க்கிறவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றான் கறுப்புக் கண்ணாடி. தளமே சிரித்தது. வசனம் அப்படியே போனது.

அடுத்த அத்தியாயத்தில் இன்னும் மோசம். பிடிபட்டவனின் விரலை முதலில் பார்த்துவிட்டு, அதே மாதிரி ரேகையைச் சம்பவ இடத்தில் தேடிக்கொண்டு போனான். இயக்குநரைத் தனியே கூப்பிட்டு ஒரு பாடமே எடுத்தேன். சம்பவ இடத்தில் கிடைத்த ரேகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணில் படுகிற இடங்களை, அதாவது கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதை, நீலப் பென்சிலால் குறிக்க வேண்டும். அது வரைக்கும் பிடிபட்டவனின் ரேகை உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை எடுத்துப் பார்த்த பிறகு புதிதாக எது கண்ணில் பட்டாலும் சிவப்பால்தான் குறிக்க வேண்டும். நீலத்தை நம்பலாம், சிவப்பைச் சந்தேகப்பட வேண்டும். இன்னாரைத்தான் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவனாகவே தெரிவான். அதன் பிறகு இரண்டாவது நிபுணர், முதல் ஆள் என்ன முடிவுக்கு வந்தார் என்றே தெரியாமல், தனியாக உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிரமாதம் என்றார். அடுத்த காட்சியில் கறுப்புக் கண்ணாடியின் காதில் ஒரு பென்சில் செருகியிருந்தது. நான் எடுத்த பாடத்துக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

வீட்டில் என் மனைவி ஒரு அத்தியாயத்தைக்கூட விடுவதில்லை. என் பெயர் திரையில் முக்கால் நொடி வரும், அதையும் கைதட்டிப் பார்ப்பாள். நான் ஒவ்வொரு காட்சியிலும் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அவளுக்கும் அலுத்துப்போனது.

"அந்தப் புள்ள பாக்கவாவது லட்சணமா இருக்கான். நீங்க லென்ஸ்லயே கண்ணை வெச்சு வெச்சு ஒரு கண்ணு சின்னதாவே ஆயிடுச்சு" என்றாள்.

எங்கள் வீட்டு ஹாலில், கல்யாணப் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி போட்ட ஒரு சட்டம் மாட்டியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெருவிரல் ரேகைகள், தட்டு அளவுக்குப் பெரிதாக்கியவை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டுக் கோடு இழுத்திருக்கும். கல்யாணப் போட்டோ படுக்கையறைக்குப் போனதில் என் மனைவிக்கு இன்று வரை கோபம்தான். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை அதைத் துடைப்பாள்.

அது என் பெரிய வழக்கு. ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்த மனிதரைக் கொன்றுவிட்டு, பெட்டகத்தைத் திறந்திருந்தார்கள். பெட்டகத்தின் உட்பக்கத்தில் ஒரே ஒரு பெருவிரல் பதிவு. அதே தெருவில் பல வீடுகளுக்கு வந்து போகிற ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைப் பிடித்தார்கள். அந்த வீட்டுப் படியே ஏறியதில்லை என்று அவன் கடைசி வரை சாதித்தான். சாட்சி கிடையாது, நகை கிடையாது, ஆயுதம் கிடையாது. என் பன்னிரண்டு புள்ளிகள்தான் இருந்தன. இரண்டு மணி நேரம் கூண்டில் நின்று சொன்னேன், நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். ஆயுள் தண்டனை. பத்திரிகையில் என் படம் வந்தது. பதினோரு வருஷம் ஆகிறது.

பத்தாவது அத்தியாயத்துக்குக் கதை கிடைக்காமல் இயக்குநர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சட்டத்தைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டார். உண்மைச் சம்பவம், நிஜமான ரேகை, அத்தியாயத்தின் முடிவில் நீங்களே திரையில் வந்து, "ரேகை பொய் சொல்லாது" என்று ஒரு வரி சொல்கிறீர்கள் என்றார். நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நிமிஷம் யோசித்தேன். பிறகு புதுச்சட்டை எடுக்கப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வரியை ஏழெட்டு விதமாகச் சொல்லியும் பார்த்தேன்.

இரண்டு ரேகைப் படங்களையும் அனுப்பிய நாலாம் நாள் காலையில் கிராஃபிக்ஸ் செய்கிற அம்மா போன் செய்தார். தளத்தில் எல்லாரும் அவரை ஆல்பம் அம்மா என்பார்கள். கல்யாண ஆல்பங்களில் முகத்தைப் பளபளப்பாக்கி, வராத சித்தப்பாவை ஓரத்தில் சேர்த்துக்கொடுக்கிற வேலையில் இருபது வருஷம் இருந்தவர். இரண்டு ரேகையும் நகர்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிற காட்சியை அவர்தான் செய்துகொண்டிருந்தார்.

"சார், ரெண்டு படமும் உக்கார மாட்டேங்குது. ஒரு கோடு அதிகமா இருந்துச்சு, அழிச்சுச் சரி பண்ணிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. விரல் என்ன இரும்பா, அழுத்துகிற விதத்தைப் பொறுத்து ரேகை இழுபடும், சுருங்கும், அச்சுக் குத்தியது போல உட்காராது என்று சொன்னேன். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்று நான் வாயால் சொல்லவில்லை. குரலால் சொன்னேன்.

"இழுத்தா எல்லாம் சேர்ந்துதானே சார் இழுபடும்? முகத்தை ஒல்லியாக்கினா காதும் ஒல்லியாகும். நான் இழுத்துப் பாத்துட்டேன். உங்க ஏழாம் நம்பர் உக்காருது, எட்டாம் நம்பர் உக்காருது. நடுவுல ஒரு படத்துல நாலு கோடு ஓடுது, இன்னொண்ணுல மூணு. இழுத்தா கோடு அகலமாகும், புதுசா ஒண்ணு முளைக்காதே."

சரி அம்மா, நீங்கள் அழித்தது அழித்தபடி இருக்கட்டும் என்று போனை வைத்தேன். ஆல்பத்தில் சித்தப்பாவை ஒட்டவைக்கிறவர் எனக்குக் கைரேகை சொல்லித்தருகிறார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். சாப்பிட்டேன். கை கழுவினேன். கை கழுவும்போது என் கால் தானாக ஹாலுக்குப் போய்விட்டது.

சட்டத்தைக் கழற்றி ஜன்னல் பக்கம் எடுத்துப்போனேன். நல்ல வெயில். லென்ஸை வைத்து ஏழிலிருந்து எட்டு வரை எண்ணினேன். சம்பவ இடத்து ரேகையில் நாலு. மெக்கானிக்கின் ரேகையில் மூன்று. லென்ஸைத் துடைத்துவிட்டு எண்ணினேன். எட்டிலிருந்து ஏழுக்குத் திருப்பி எண்ணினேன். நாலு, மூன்று.

இரும்பு அலமாரியில் அந்த வழக்கின் வேலைத் தாள் நகல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் ஐந்துதான் நீலம். மீதி ஏழும் சிவப்பு. ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் நல்ல சிவப்பு. பக்கத்தில் என் கையெழுத்தில், 'நடுவில் ஒரு கோடு, கறையாக இருக்கலாம்.' அன்றைக்கு நடந்தது அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. நீலப் பென்சிலோடு நான் ஐந்தாவது புள்ளியில் இருந்தபோதே விசாரணை அதிகாரி வந்து, உறையைப் பிரித்து மெக்கானிக்கின் ரேகையை மேஜையில் வைத்தார். இவன்தான் சார், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், உங்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார். நான் பென்சிலை மாற்றிக்கொண்டேன்.

ஆல்பம் அம்மா அந்தக் கோட்டை மவுசால் அழித்தார். நான் கறை என்று பெயர் வைத்து அழித்தேன். அவர் அழித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது கையெழுத்துப் போட்டவன் என்னோடு வேலை பார்த்த தலையாட்டி. பிரிவில் அவனுக்கு அதுதான் பெயர், நான் வைத்ததுதான். அவன் வீட்டுக்குப் போனேன். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நீ அன்றைக்கு என்னதான் பார்த்தாய் என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? 'பொருந்துது, போடு'ன்னு நீட்டினீங்க. நீங்க பாத்ததுக்கப்புறம் நான் பாத்தா உங்களுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். எதுக்கு வம்புன்னு போட்டுட்டேன்."

அந்த ஆள் இன்னும் மூன்று நாலு வருஷத்தில் எப்படியும் வெளியே வந்துவிடுவான், பேசாமல் இருங்கள், இந்த வயசில் எதற்குப் பேரைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றும் சொன்னான். நான் தலையாட்டவில்லை. ஆனால் வழியெல்லாம் அந்த யோசனை கூடவே வந்தது. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, சட்டம் சுவரிலேயே தொங்கும். எழுதிக்கொடுத்தால் நான் இருபத்தெட்டு வருஷம் போட்ட ஒவ்வொரு கையெழுத்தையும் ஒருவன் தோண்டிப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் நேராக ஹாலுக்குப் போய், சுவரில் சும்மா நின்ற ஆணியைப் பிடுங்கினாள்.

மறுநாளே எழுதிக் கொண்டுபோனேன். நீதிமன்றத்துக்கு ஒன்று, என் பழைய பிரிவுக்கு ஒன்று. பிரிவில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். வழக்கு எண்ணும் என் பெயரும் இல்லாமல், என்னைத் தெரியாத வேறு ஊர் ஆளிடம் இரண்டு ரேகையையும் கொடுங்கள், இடையில் ஒருத்தரும் போய்ப் பேசாதீர்கள். இருபத்தெட்டு வருஷமாக நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த முறை அது.

அதன் பிறகு படப்பிடிப்புக்குப் போனேன். புதுச்சட்டையோடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவர், கேட்கிறதா சார் என்று கேட்டார், தலையாட்டினேன். கேமரா அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை நான் சொல்லவில்லை. இயக்குநரைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த வழக்குல நான் தப்புப் பண்ணிட்டேன். அது அந்த ஆளோட விரல் இல்ல. உள்ள இருக்கறது வேற ஆளு. இதை நீங்க காட்டக் கூடாது."

இயக்குநர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பரவாயில்லை, இவரும் மனிதர்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் அவர் கண் பளபளத்தது.

"சார், இது செகண்ட் சீசன் சார்" என்றார்.

இந்த அத்தியாயம் முடிந்து சேனலுக்குப் போய்விட்டது, இனித் தொட முடியாது, கடைசி இரண்டு நிமிஷம்தான் பாக்கி, அடுத்த வருஷம் நீங்களே நடிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த ஆளுக்கு அடுத்த வருஷம் என்பது உள்ளே இன்னொரு வருஷம் என்று சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார். வசனமாக வைத்துக்கொள்வதற்கு. சேனலுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கடைசி அத்தியாயம். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். உட்கார்ந்து பார்த்தேன். நீல வெளிச்சத்தில் இரண்டு ரேகைகள் மிதந்து வந்தன. மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று இறங்கின. கோட்டின் மேல் கோடு, ஒரு மயிரிழை விலகவில்லை. ஆல்பம் அம்மாவின் வேலை சுத்தம். 'டிங்'. பிறகு என் முகம் வந்தது. பின்னால் கறுப்புக் கண்ணாடியின் குரல், "ரேகை பொய் சொல்லாது" என்றது. நான் தலையாட்டினேன். மைக் கேட்கிறது என்று ஆட்டிய தலை. என் மனைவி இந்த முறை கைதட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறு ஊர் நிபுணரின் அறிக்கை வந்தது. இரண்டே வரி. இரண்டும் வெவ்வேறு நபர்களின் ரேகைகள், ஒரே இடத்தில் ஒன்றில் நாலு கோடு, மற்றதில் மூன்று, அந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லை. நீதிமன்றம் அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தது. இதை அந்த மனிதரிடம் ஒரு வக்கீலை விட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் என்னைவிடக் கேவலமானவன் இருக்க முடியாது என்று தோன்றியது. சிறைக்குப் போனேன்.

நீளமான அறை, நடுவில் மேஜை, மூலையில் ஒரு காவலர். மெக்கானிக் வந்து எதிரே உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, விரலைத்தான் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. சிறைச் சமையலறையின் குளிர்பெட்டியை அவர்தான் பழுது பார்க்கிறாராம், விரல் நுனியெல்லாம் கிரீஸ் கறுப்பு. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"டீவில பாத்தேன் சார். இங்க ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் போடுவாங்க. நல்லாத்தான் பொருந்துச்சு. பதினோரு வருஷமா நான் சொல்றதை நம்பின ஆளுங்க இங்க ரெண்டு பேர்தான். அதைப் பாத்துட்டு அவங்களும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்ப என்கூட உக்காந்து சாப்பிடறதில்ல."

மன்னிப்பு என்று தொடங்கும் நாலு வரியை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதுவும் ஒரு வசனம் மாதிரியே இருந்தது. பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் காவலரிடம் பேனாவை வாங்கினார். மூடியின் முனையை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்து, உதட்டை அசைத்து எண்ணினார். ஒன்றில் நாலு. இன்னொன்றில் மூன்று. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். லென்ஸ் இல்லை, நீல வெளிச்சம் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இதுல ஒரு கோடு கூடுதலா இருக்கே சார்."

"ஆமாங்க. அது உங்க விரல் இல்ல. டீவில காட்டினது அழிச்ச படம். இதான் நிஜம். கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், அடுத்த மாசம் எடுத்துக்கறாங்க."

அவர் அழவில்லை, கத்தவில்லை. படத்தைப் பார்த்தார், பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். ஆறு மாதம் அந்தத் தளத்தில் நான் எல்லாரையும் பார்த்த அதே பார்வை. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இதை எண்ணத்தானா சார் உங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு?" என்றார்.

காவலர் நேரமாகிறது என்றார். மெக்கானிக் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். படங்களை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை. கிரீஸ் படாமல் ஓரத்தைப் பிடித்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

"இது இங்கயே இருக்கட்டும் சார். அந்த ரெண்டு பேரும் எண்ணிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.